ஷிம்மர் ரிவெர்ப் பெடல் வாங்குவது எப்படி: சிங்கப்பூர் கிட்டார் கலைஞர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கிட்டாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் சிறு பெட்டிதான் பெடல். அதில் ஷிம்மர் பெடலைக் கடையில் முதல் தடவை மிதித்துப் பார்க்கும் யாருக்கும் அது பிடித்துப்போகும். ஒரு கார்டை (பல ஸ்வரங்கள் சேர்ந்த ஒலியை) மீட்டினால் போதும், பின்னாலிருந்து வயலின் கூட்டமும் ஆர்கனும் சேர்ந்து எழும்புவது போல ஒலி பரவும். அந்த முதல் நிமிடத்தை வைத்து முடிவெடுத்தால் எல்லாப் பெடலும் நல்ல பெடல்தான். குழுவோடு வாசிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். கீபோர்டு ஒரு பக்கம் ஸ்ட்ரிங்ஸ் பிடித்துக்கொண்டிருக்கும், பாடகர் மெதுவாக ஒரு சரணத்தைத் தொடங்குவார், டிரம்மர் சிம்பலில் இருப்பார். அந்த நேரத்தில் உங்கள் ஷிம்மரை இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்குக் குறைத்து வைக்க முடிகிறதா? பெடலைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். மினுக்கம், அதாவது அந்த எழும்பிப் பரவும் ஒலி, எல்லாவற்றிலும் இருக்கிறது. அதை அடக்கி ஆளும் வசதி சிலவற்றில்தான் இருக்கிறது.

விலையும் பிராண்டும் பிறகு வரட்டும். முதலில் இந்த ஒலி எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடலாம். அது புரிந்தால் கடையில் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

படி 1: உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

சாதாரண ரிவெர்ப் ஒரு பெரிய மண்டபத்தின் எதிரொலியை உருவாக்குகிறது. ஷிம்மரில் அந்த எதிரொலி, ஒலியின் உயரத்தை மாற்றும் ஒரு பிட்ச் ஷிஃப்டர் வழியாகப் போய், ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) மேலே ஏறி, மறுபடியும் ரிவெர்ப்புக்குள் நுழைகிறது. அங்கிருந்து மறுபடியும் ஒரு ஸ்தாயி மேலே. இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருப்பதால் ஒலி படிப்படியாக உயரம் ஏறிக்கொண்டே தேயும். 1980களில் இசைத் தயாரிப்பாளர்கள் பிரையன் ஈனோவும் டேனியல் லன்வாவும் ஸ்டூடியோவில் இதைப் பிரபலமாக்கினார்கள். அவர்களிடம் இருந்தது 1978இல் வந்த லெக்ஸிகன் 224 டிஜிட்டல் ரிவெர்ப்பும், ஏஎம்எஸ் நிறுவனத்தின் பிட்ச் ஷிஃப்டரும். இரண்டையும் மிக்சர் வழியாகச் சுற்றாக இணைத்துப் பிறந்த ஒலிதான் இன்று உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் வந்திருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டால் ஒரு பெரிய உண்மை வெளிப்படும். கிட்டாரின் ஐந்தாம் கம்பியைத் திறந்து மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். அது சுற்றுக்குள் 220, 440, 880, 1760 என்று ஏறும். காதுக்கு இதமான எல்லைதான். முதல் கம்பியில் 12ஆவது ஃப்ரெட்டை மீட்டினால் 659 ஹெர்ட்ஸ். அது 1318, 2637, 5274 என்று ஏறி நாலாவது சுற்றிலேயே பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். அதாவது கீழ்க்கம்பியில் அழகாக மலரும் அதே பெடல், மேல்க்கம்பியில் கிறீச்சிடக் கூடும். இதைத் தடுக்க நல்ல பெடல்களில் சுற்றுக்குள்ளேயே ஒரு வடிகட்டி இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் உச்ச அதிர்வெண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போகும். மலிவான பெடலுக்கும் விலையுயர்ந்த பெடலுக்கும் இடையே என் காதுக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிவது இந்த வடிகட்டியும், பிட்ச் ஷிஃப்டரின் வழவழப்பும்தான்.

இன்னொரு வடிவமைப்பும் உண்டு. அதில் பிட்ச் ஷிஃப்டர் சுற்றுக்குள் இல்லாமல் ரிவெர்ப்புக்கு முன்னாலேயே இருக்கும். ஒலி ஒரே ஒரு தடவை மேலே ஏறி அங்கேயே நின்றுவிடும். இது அடக்கமானது, ஆர்கன் போலத் தட்டையாக நிற்கும், பாட்டுக்குப் பின்னால் வைக்க எளிது. முதல் வகை அலையாக எழும்பும், தனி வாசிப்புக்கும் பின்னணி இசைக்கும் பிரமாதமாக இருக்கும். ஸ்டிரைமோன் பிக்ஸ்கை பெடலில் இந்த இரண்டில் எது வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்து வேண்டுமா என்று நீங்களே தேர்ந்துகொள்ளலாம். பெரும்பாலான சின்னப் பெடல்களில் தயாரிப்பாளர் முடிவு செய்ததுதான்.

படி 2: எங்கே வாசிக்கப் போகிறீர்கள்?

நம் ஊரில் தமிழ்க் கிட்டார் கலைஞர்கள் ஷிம்மரைத் தேடிப்போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். தேவாலய ஆராதனைக் குழு முதலாவது. பாட்டுக்கும் ஜெபத்துக்கும் நடுவே கார்டுகளை நீட்டிப் பிடிக்கும் இடங்களில் இந்த ஒலி இன்று ஏறத்தாழ எல்லா மொழி ஆராதனையிலும் கேட்கிறது. இரண்டாவது மேடைக் குழு: எஸ்பிளனேட் வெளியரங்கிலோ சமூக மன்றத்திலோ திருமண மண்டபத்திலோ சினிமாப் பாடல்கள் வாசிப்பவர்கள். மூன்றாவது, வீட்டில் கணினியோடு உட்கார்ந்து சொந்தமாக இசையமைப்பவர்கள்.

மூன்றாவது வகை என்றால் பெடல் வாங்குவதை ஒத்திப்போடுங்கள் என்றுதான் சொல்வேன். வல்ஹல்லா ஷிம்மர் என்ற மென்பொருள் 50 அமெரிக்க டாலர்தான். சோதனைப் பதிப்பும் இருக்கிறது. ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் கருவி) ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு அதுவே பல பெடல்களின் வேலையைச் செய்துவிடும். மற்ற இரண்டு வகையினரும்கூடச் சோதனைப் பதிப்பில் சில நாள் பழகிவிட்டுக் கடைக்குப் போவது நல்லது. பிட்ச் (உயரம்), ஃபீட்பேக் (சுற்றுக்குள் திரும்பப் போகும் அளவு), டிகே (ஒலி தேயும் நேரம்) என்று ஒவ்வொரு திருகும் என்ன செய்கிறது என்று காது பழகியிருந்தால், கடையில் மயங்கி நிற்க மாட்டீர்கள்.

பல ஒலிமாற்றங்களை ஒன்றாக வைத்திருக்கும் மல்ட்டி எஃபெக்ட்ஸ் கருவி உங்களிடம் இருந்தால் அதற்குள் ஷிம்மர் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பல கருவிகளில் இருக்கும், வேறு ஏதோ ஒரு பெயரில்.

படி 3: ஆக்டேவா, ஐந்தாம் இடைவெளியா? நம் ராகங்களோடு வைத்துப் பாருங்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் வரும் பெடல் விமர்சனங்கள் இதைத் தொடுவதில்லை, நமக்கோ இது மிக முக்கியம்.

சில பெடல்களில் ஸ்தாயி மட்டும்தான். சிலவற்றில் ஐந்தாம் இடைவெளி, அதாவது ஏழு ஃப்ரெட் தூரம், கீழ் ஸ்தாயி, இரண்டும் கலந்தது என்று பல தேர்வுகள். பட்டியல் நீளமாக இருந்தால் நல்ல பெடல் என்று தோன்றும். ராகத்தில் வாசிப்பவர் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஸ்தாயி இடைவெளி எந்த ராகத்தையும் கெடுக்காது. ஸா மேல் ஸாவாகிறது, காந்தாரம் மேல் காந்தாரமாகிறது. புதிய ஸ்வரம் எதுவும் உள்ளே வராது. ஐந்தாம் இடைவெளி அப்படியல்ல. ஸாவை மட்டும் மீட்டினாலும் முதல் சுற்றில் பஞ்சமம் வரும், இரண்டாவது சுற்றில் மேல் ஸ்தாயியின் சதுஸ்ருதி ரிஷபம், மூன்றாவதில் சதுஸ்ருதி தைவதம், நாலாவதில் அந்தர காந்தாரம். இந்த ஐந்தையும் சேர்த்துப் பாருங்கள், மோகனம்! ஒரே ஒரு ஸாவிலிருந்து பெடல் தானாகவே மோகன ராகத்தின் ஸ்வரங்களை அடுக்கிவிடுகிறது. சங்கராபரணம் அல்லது மேஜர் ஸ்கேலில் அமைந்த பாட்டு என்றால் இது சொர்க்கம். அங்கே முதல் சுற்றில் உறுத்தக்கூடியது நிஷாதத்திலிருந்து பிறக்கும் பிரதி மத்யமம் ஒன்றுதான். மோகனத்தில் காந்தாரத்தை அழுத்தி நிறுத்தினால் காகலி நிஷாதம் தலைகாட்டும், அதுவும் பொறுத்துக்கொள்ளக்கூடியதே.

மாயாமாளவகௌளையில் அதையே செய்து பாருங்கள். பஞ்சமத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபம் பிறக்கும், சுத்த தைவதத்திலிருந்து சாதாரண காந்தாரம், காகலி நிஷாதத்திலிருந்து பிரதி மத்யமம். மூன்றுமே ராகத்துக்கு அந்நியம். ராகத்தின் உயிரே அந்தச் சுத்த ரிஷபத்தில் இருக்கும்போது பின்னணியில் வேறொரு ரிஷபம் பத்து வினாடி ஒலித்துக்கொண்டிருந்தால் கேட்பவருக்கு ஏதோ சரியில்லை என்று கட்டாயம் உறுத்தும். ஆகவே பக்திப் பாடல்களும் ராகம் தழுவிய சினிமாப் பாடல்களும் அதிகம் வாசிப்பவர், ஸ்தாயியை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கூடுதல் இடைவெளிகள் இருந்தால் இருக்கட்டும், அவற்றை அணைத்து வைக்க முடிந்தால் போதும்.

கமகமும் இங்கே சேர்த்தி. கம்பியை இழுத்து ஒரு ஸ்வரத்தை ஆட்டும்போது, போன வினாடியின் உயரம் இன்னும் ரிவெர்ப்பில் நின்றுகொண்டிருக்கும். புதிய உயரம் அதோடு உரசும். சாதாரண ரிவெர்ப்பில் இது லேசான கலங்கல். ஷிம்மரில் ஸ்தாயிக்கு ஸ்தாயி அந்த உரசலின் வேகம் இரட்டிப்பாகும், கலங்கல் கரகரப்பாக மாறும். எனவே கமகம் நிறைந்த மெலடியை ஷிம்மர் இல்லாமல் வாசித்து, வரி முடிந்து நிற்கும் ஸ்வரத்தில் மட்டும் மிதியுங்கள். இதற்கு வசதியாக அமுக்கிப் பிடித்தால் மட்டும் வேலை செய்யும் ஃபுட்ஸ்விட்ச் அல்லது எக்ஸ்பிரஷன் பெடல் (காலால் சாய்த்து அளவை ஏற்றி இறக்குவது) இணைப்பு இருந்தால் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

இதே காரணத்தால் ட்யூனரும் அவசியம். இரண்டு கம்பிகளுக்கு நடுவே வினாடிக்கு இரண்டு அதிர்வு வித்தியாசம் இருந்தால், மேல் ஸ்தாயியில் அது நாலாகும், அதற்கும் மேலே எட்டாகும்.

படி 4: திருகுகளைப் பாருங்கள்

மிக்ஸ் (அசல் ஒலியோடு ரிவெர்ப் கலக்கும் அளவு) எல்லாவற்றிலும் இருக்கும், டிகேயும் இருக்கும். நான் தேடச் சொல்வது வேறு இரண்டை.

ஒன்று, ஷிம்மரின் அளவுக்கென்று தனித் திருகு. ரிவெர்ப் நிறைய, மினுக்கம் கொஞ்சம் என்று வைக்க இதுதான் வழி. இது இல்லாத பெடலில் மினுக்கத்தைக் குறைக்க வேண்டுமானால் ரிவெர்ப்பையே குறைத்தாக வேண்டும். இரண்டு, டோன் அல்லது டாம்பிங். மேல் அதிர்வெண்களை வெட்ட ஒன்று, கீழ் அதிர்வெண்களை வெட்ட ஒன்று என்று இரண்டாகப் பிரிந்திருந்தால் மிக நல்லது. ஸ்டிரைமோன் ப்ளூஸ்கை பெடலை இத்தனை வருடமாகப் பலரும் கைவிடாமல் வைத்திருப்பதற்கு இந்த இரண்டு டாம்பிங் திருகுகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மற்றவை சுருக்கமாக. பெடலை அணைத்ததும் ரிவெர்ப் சட்டென்று அறுந்து போகாமல் இயல்பாகத் தேய்வதற்குப் பெயர் ட்ரெயில்ஸ். ஷிம்மருக்கு இது இல்லாவிட்டால் மேடையில் பெரிய தொந்தரவு. ப்ரீ-டிலே இருந்தால் கார்டின் முதல் தாக்கு தெளிவாகக் கேட்டு, பிறகு மினுக்கம் எழும். ஸ்டீரியோ அழகுதான், ஆனால் உங்கள் ஆராதனைக் கூடத்தில் கிட்டாருக்கு ஒரே ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டாரைக் கூடத்தின் ஒலியமைப்போடு இணைக்கும் பெட்டி) என்றால் அதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.

படி 5: எந்த மாடல் யாருக்கு

பாஸ் ஆர்வி-6இல் எட்டு வகைகளில் ஒன்றாக ஷிம்மர் இருக்கிறது. மூன்றே திருகுகள், அவற்றோடு வகைத் தேர்வு, ஸ்டீரியோ, எக்ஸ்பிரஷன் இணைப்பு, அசைக்க முடியாத உடல் கட்டு. ஷிம்மர் அளவுக்குத் தனித் திருகு இல்லை என்பதே குறை. டோனைக் குறைத்து வைத்தால் குழுவில் நன்றாக அடங்கும். ஒரே பெடலில் ஸ்பிரிங்கும் ஹாலும் வேண்டும், ஷிம்மர் எப்போதாவதுதான் என்றால் இது போதும்.

டிசி எலக்ட்ரானிக் ஹால் ஆஃப் ஃபேம் 2 அதே விலைத் தட்டில் நிற்பது. இதில் ஃபுட்ஸ்விட்ச் அழுத்தத்தை உணரும். காலை அழுத்த அழுத்த எஃபெக்ட் மாறும், தனி எக்ஸ்பிரஷன் பெடல் வேண்டாம். டோன்பிரிண்ட் செயலி வழியாக உள்ளே இருக்கும் அமைப்புகளையே மாற்றி எழுதிச் சேமிக்கலாம். கணினியில் நோண்டப் பிடிக்கும் என்றால் முதல் பெடலாக இதையே வாங்கச் சொல்வேன். கமகத்துக்குச் சொன்னேனே, வரி முடிவில் மட்டும் மலரச் செய்யும் அந்த வேலைக்கு இந்த ஃபுட்ஸ்விட்ச் அருமையாகப் பொருந்தும்.

எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் ஓஷன்ஸ் 11இல் பதினோரு வகைகள், ஆனால் மோனோ. மூயர் ஷிம்வெர்ப் சின்னது, மலிவானது, ரூம், ஸ்பிரிங், ஷிம்மர் என்று மூன்றே வகை. பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நல்ல ஆரம்பம். எர்த்க்வேக்கர் டிவைசஸின் ஆஸ்ட்ரல் டெஸ்டினி முழுக்க முழுக்க ஸ்தாயி ரிவெர்ப்புக்கென்றே செய்தது. எட்டு வகைகளில் கீழ் ஸ்தாயியும் உண்டு, மேலும் கீழும் சேர்ந்ததும் உண்டு. தனி வாசிப்பாளருக்கு விருந்து. ஞாயிறு ஆராதனைக்கு அது கொஞ்சம் அதிகம் என்பேன்.

மேல்தட்டில் ஸ்டிரைமோன் ப்ளூஸ்கை, பிக்ஸ்கை, எவென்டைட் ஸ்பேஸ், சோர்ஸ் ஆடியோ வென்ட்ரிஸ். வாராவாரம் மேடையேறுபவர், பாட்டுக்குப் பாட்டு அமைப்பை மாற்ற வேண்டியவர், இவற்றுக்குச் செலவு செய்யலாம். பிக்ஸ்கையின் ஷிம்மரில் சேரும் இரண்டு குரல்களுக்கும் தனித்தனியே இடைவெளி வைக்கலாம், இரண்டையும் ஸ்தாயியிலேயே நிறுத்தலாம். இத்தனை வசதி தேவைப்படாதவர்கள் ப்ளூஸ்கையோடு நின்றுகொள்ளலாம். எனக்குப் பாட்டுக்குப் பின்னால் வைக்க இன்றும் பிடித்தமானது அதுதான்.

படி 6: கடையில் சோதிக்கும் முறை

சிட்டி ஹால் எம்ஆர்டிக்கு அருகில் கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பல வருடமாகவே கிட்டார்க்காரர்களின் வட்டாரம். சொந்தக் கிட்டாரையும் சொந்த ஹெட்ஃபோனையும் எடுத்துக்கொண்டு வார நாளில் போங்கள். சனிக்கிழமை மாலை கூட்டத்தில் ரிவெர்ப் தேய்வதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. “அண்ணே, ஒரு பதினைந்து நிமிஷம் கிளீன் ஆம்ப்பில் போட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்டால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

முதலில் மிக்ஸைப் பாதியில் வைத்து ஆறாம் கம்பியில் ஒரே ஒரு நோட். மீட்டிவிட்டுக் கைகளை எடுத்து, ஒலி முற்றிலும் மறையும்வரை கேளுங்கள். உலோகத்தைத் தேய்ப்பது போல நடுக்கமோ, மணல் அரைபடுவது போலத் துகள்களோ தேயும் இடத்தில்தான் வெளிப்படும். அப்புறம் அதையே முதல் கம்பியில், பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே. கிறீச்சிட்டால் டோனைக் குறைத்துப் பாருங்கள். குறைத்தும் அடங்கவில்லை என்றால் அந்தப் பெடலை வைத்துவிடுங்கள்.

பிறகு ஒரு கார்டிலிருந்து தொடர்பில்லாத இன்னொரு கார்டுக்கு வேகமாக மாறுங்கள், உதாரணமாக சி மேஜரிலிருந்து ஏ ஃப்ளாட் மேஜருக்கு. பழைய கார்டின் மினுக்கம் புதியதோடு எவ்வளவு நேரம் சண்டை போடுகிறது? அதைக் குறைக்க டிகேயை எவ்வளவு வெட்ட வேண்டியிருக்கிறது? வெட்டிய பிறகும் ஷிம்மர் ஷிம்மராகக் கேட்கிறதா?

நாலாவதாக மிக்ஸை மிகக் கீழே கொண்டுவாருங்கள், ஒன்பது மணி நிலைக்கும் கீழே. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அளவுகோல் இங்கேதான் வேலை செய்கிறது. நல்ல பெடலில் அந்த இடத்திலும் ஒரு ஒளிவட்டம் இருக்கும், பெடலை அணைத்தால் எதையோ இழந்தது போலத் தோன்றும். மோசமான பெடலில் ஒன்றுமே கேட்காது, கொஞ்சம் ஏற்றினால் திடீரென்று எல்லாம் வந்து விழும்.

கடைசியாக, ஆம்ப்பில் கேட்டதையே ஹெட்ஃபோனிலோ முழு அலைவரிசை ஸ்பீக்கரிலோ கேளுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே தானாகவே சரிந்துவிடும், அதுவே ஒரு இலவச வடிகட்டி. தேவாலயத்திலும் மண்டபத்திலும் நேராகப் பிஏ அமைப்புக்குள் (மண்டபத்தின் ஒலிபெருக்கிகளுக்குள்) போனால் அந்த வடிகட்டி கிடையாது. கடை ஆம்ப்பில் பட்டாக இருந்த பெடல் மண்டபத்தில் காதைக் குத்துவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மேடையில் நேராக இணைப்பவர்கள், ஆம்ப் ஸ்பீக்கரைப் போல ஒலியை மாற்றித் தரும் கேபினெட் சிமுலேட்டரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை ரிவெர்ப்புக்குப் பின்னால் வைத்தால் மினுக்கமும் சேர்ந்து மென்மையாகும். முன்னால் வைத்தால் மினுக்கம் வெட்டப்படாமல் வெளியே வரும், ஆகவே பெடலின் டோன் திருகையே நம்ப வேண்டியிருக்கும்.

படி 7: பணக் கணக்கு

வெளிநாட்டு இணையக் கடையில் விலை குறைவாகத் தெரியும். சரி, கணக்குப் போடுவோம். 2024 ஜனவரி முதல் ஜிஎஸ்டி 9 விழுக்காடு. பொருள், கப்பல் செலவு, காப்பீடு எல்லாம் சேர்ந்து 400 வெள்ளியைத் தாண்டினால் இறக்குமதியின்போது வரி வசூலிப்பார்கள். 500 வெள்ளி என்றால் வரி 45 வெள்ளி, அதற்கு மேல் கூரியர் நிறுவனம் தன் கட்டணத்தையும் சேர்க்கலாம். 400 வெள்ளிக்குள் இருந்தாலும், 2023 முதல் இங்கே பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் வாங்கும்போதே ஜிஎஸ்டியை வசூலிக்கிறார்கள். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் உள்ளூர்க் கடையோடு வித்தியாசம் பல சமயம் கரைந்துவிடும்.

உள்ளூர்க் கடையில் வாங்குவதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும், குறையுள்ள பொருள்களுக்கான லெமன் சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கருதப்படும். பழுது பார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். கடையில் விற்கும் பழைய பொருளுக்கும் இது பொருந்தும். கேரசல் என்ற இணையச் சந்தையில் தனிநபரிடம் வாங்கினால் பொருந்தாது.

அதற்காகக் கேரசலை ஒதுக்க வேண்டாம். ஷிம்மர் பெடலை ஆசையில் வாங்கி, சில மாதத்தில் விற்பவர்கள் நிறைய இருப்பதால் நல்ல நிலையில் உள்ளவை கிடைக்கும். எம்ஆர்டி நிலையத்தில் வைத்துக் கைமாற்றிக்கொள்வது வழக்கம் என்றாலும், இயக்கிப் பார்க்காமல் டிஜிட்டல் பெடலை வாங்காதீர்கள். விற்பவர் வீட்டிலோ ஜாமிங் ஸ்டூடியோவிலோ சந்தியுங்கள். ஒவ்வொரு திருகையும் முழுக்கச் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் உள்ளே தூசியோ ஈரமோ. இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியிலேயே 80 விழுக்காட்டைத் தாண்டுவதால் ஜாக்குகளில் கறுப்புப் படிவது சகஜம். கேபிளைச் செருகிய நிலையில் லேசாக ஆட்டுங்கள், ஒலி விட்டுவிட்டு வரக் கூடாது. ஃபுட்ஸ்விட்சைப் பல தடவை மிதியுங்கள். யுஎஸ்பி இருந்தால் கணினி அதை அடையாளம் காண்கிறதா என்று பாருங்கள்.

படி 8: மின்சாரமும் இணைப்பும்

ஷிம்மர் பெடல்களுக்குள் ஒரு சிறிய கணினியே இருக்கிறது, அதற்கேற்ற மின்சாரம் வேண்டும். ஆர்வி-6 சுமார் 95 மில்லியாம்ப் எடுக்கும், பிக்ஸ்கைக்கு 300, எவென்டைட் ஸ்பேஸுக்கு 500. ஒரே அடாப்டரிலிருந்து மாலைபோல எல்லாப் பெடலுக்கும் இணைத்தால் டிஜிட்டல் இரைச்சல் மற்றப் பெடல்களுக்குள் கசியும். அந்த இரைச்சலை ஷிம்மர் ஸ்தாயி ஸ்தாயியாக உயர்த்தி உங்களுக்கே திருப்பித் தரும். தனிமைப்படுத்தப்பட்ட வெளியீடுகள் கொண்ட பவர் சப்ளை வாங்குங்கள், ஒவ்வொரு வெளியீட்டின் மில்லியாம்ப் அளவையும் பெடலின் தேவையோடு ஒப்பிடுங்கள். 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ் என்பது பொது வழக்கம் என்றாலும் பெடலின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகே செருகுங்கள்.

ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரும் பெடலோடு வரும் அடாப்டரில் உள்ளீடு 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா? இருந்தால் பிளக் மட்டும் மாற்றினால் போதும். 100 அல்லது 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் இங்குள்ள 230 வோல்ட்டில் செருகவே கூடாது. இங்கே பாதுகாப்பு முத்திரை உள்ள அடாப்டரைப் புதிதாக வாங்கிவிடுங்கள்.

வரிசை: ட்யூனர், கம்ப்ரெசர், டிரைவ், மாடுலேஷன், டிலே, கடைசியில் ஷிம்மர். வால்யூம் பெடல் இருந்தால் டிலேக்கு முன்னால். அப்போதுதான் மீட்டலின் தாக்கு மறைந்து ஒலி மெதுவாக எழும், வால்யூமை மூடினாலும் மினுக்கம் தொடரும். டிஸ்டார்ஷனை ஆம்ப்பிலேயே எடுப்பவர்கள் ஷிம்மரை எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்ப்பின் டிஸ்டார்ஷனுக்குப் பிறகு பெடலைச் சேர்க்கும் இணைப்பில்) போடுங்கள். சிங்கிள் காயில் பிக்கப் இரைந்தால் ரிவெர்ப்புக்கு முன்னால், இரைச்சலை அடைக்கும் ஒரு நாய்ஸ் கேட் வையுங்கள்.

வீவக வீட்டில் பயிற்சி செய்பவர்களுக்கு: இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை அமைதி நேரமாகக் கடைப்பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள், கேபினெட் சிமுலேட்டரோடு.

படி 9: குழுவுக்குள் பொருத்துவது

வீட்டில் தனியாக வைத்த அமைப்பு ஒத்திகையில் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். ஒத்திகையின் தொடக்கத்தில் மிக்ஸைக் கால் பங்குக்கும் கீழே, டிகேயை அடுத்த கார்டு வருவதற்குள் பாதியாவது தேயும் அளவில், டோனை நடுவுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். பிறகு குழு முழுவதும் வாசிக்கும்போது மட்டும் ஏற்றுங்கள்.

கீபோர்டு வாசிப்பவரோடு பேசுங்கள். ஷிம்மரும் கீபோர்டில் நீட்டிப் பிடிக்கும் ஸ்ட்ரிங்ஸ் பேடும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவை. “அக்கா, பல்லவிக்கு நீங்க பேட் பிடிங்க, சரணத்துக்கு நான் எடுத்துக்கிறேன்” என்று பிரித்துக்கொண்டால் இரண்டுமே கேட்கும். புல்லாங்குழலோ வயலினோ குழுவில் இருந்தால் அவர்கள் தனியாக வாசிக்கும் இடங்களில் ஷிம்மரை அணைத்துவிடுங்கள். ஷிம்மர் ஏறி நிற்கும் உயரம் அவர்களுடைய உயரம்.

கார்டையும் எளிமையாக்குங்கள். ஆறு கம்பியையும் அடிக்க வேண்டாம், மூலமும் ஐந்தாவதும், மேலே ஒரே ஒரு நோட்டும் போதும். மூன்றாம் ஸ்வரத்தை விட்டுவிட்டால் மினுக்கம் மேஜர், மைனர் இரண்டுக்கும் பொருந்தி நிற்கும், பாடகர் எந்தப் பக்கம் போனாலும் உரசாது.

மண்டபத்தில் ஒலி பொறியாளரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: உங்கள் கிட்டாரில் ஏற்கெனவே ரிவெர்ப் இருக்கிறது, எனவே மிக்சரில் மறுபடியும் சேர்க்க வேண்டாம், 6000 ஹெர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் வெட்டினால் நல்லது. பெடலை ஸ்டீரியோவாக இணைத்துவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் பிஏவுக்குக் கொடுக்காதீர்கள். மோனோ என்றால் பெடலிலேயே மோனோ வெளியீட்டைப் பயன்படுத்துங்கள், சவுண்ட் செக்கில் அதை ஒருமுறை கூடத்தின் கடைசி வரிசையில் நின்று யாரையாவது கேட்கச் சொல்லுங்கள்.